அப்பா என்ன பண்றார்?

கேள்வி: சிறிய ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறேன். ஒரு வேலைக்கு மூன்று பேரை இன்டர்வியூ செய்தேன். மூன்றாவது பையனுக்கு நல்ல மதிப்பெண். பேச்சைத் தொடங்க ‘அப்பா என்ன பண்றார்?’ என்று கேட்டேன். கட்டட வேலை என்றான். அதன் பிறகு அவன் குரலே இறங்கிவிட்டது. தன்னம்பிக்கை போதாது என்று வேறொருவரை முடிவு செய்துவிட்டேன், ஆர்டர் இன்னும் கொடுக்கவில்லை. என்னுடன் வேலை பார்க்கும் மகள், ‘நீங்க அவனைப் பார்க்கலை, அவங்கப்பாவைப் பார்த்தீங்க’ என்று சொல்லிவிட்டு இரண்டு வாரமாகப் பேசுவதில்லை. சின்ன வயதில் வீட்டுக்கு வரும் அவள் தோழிகளிடமும் இதையேதான் கேட்பேன், அப்போதெல்லாம் அவள் ஒன்றும் சொன்னதில்லை. நான் ஆள் பார்த்துப் பழகுபவன் இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: புரியவைக்க வேண்டாம். புரிந்ததால்தான் பேசாமல் இருக்கிறாள்.

‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று சொல்லும் கடிதம் எனக்கு மாதம் நாலைந்து வரும். யாரும் பொய் சொல்வதில்லை, நீங்களும்தான். வெறுப்பு இருந்தால் நமக்கே தெரிந்துவிடும். இது வெறுப்பு இல்லை, பழக்கம். யோசிக்காமலேயே கை சட்டைப் பொத்தானைப் போடுவதைப் போல, மனசு ஆளைப் பார்த்ததும் இன்ன ரகம் என்று முடிவுகட்டிவிடுகிறது. காரணத்தை அப்புறம் தேடிக்கொள்கிறோம். உங்களுக்குக் கிடைத்த காரணம் ‘தன்னம்பிக்கை’.

மற்ற இரண்டு பேரிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டீர்களா? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன், அதற்கு ஒரு வரி இல்லை.

கட்டட வேலை என்று காதில் விழுந்தபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியும். 1974-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வேலைக்கு வந்தவர் கறுப்பினத்தவர் என்றால், கேள்வி கேட்ட வெள்ளையர்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள், பேச்சில் தடுமாறினார்கள், சீக்கிரம் முடித்தார்கள். அதோடு விடவில்லை. அடுத்த சுற்றில், அதே தோரணையை வெள்ளையின மாணவர்களிடம் காட்டும்படி ஆட்களைப் பழக்கினார்கள். அந்த மாணவர்களும் சொதப்பினார்கள். ஆக, குரலை இறக்கியது உங்கள் கேள்வி. இறங்கிய குரலுக்கு மார்க் குறைத்ததும் நீங்கள்தான்.

‘திறமையைத்தானே பார்த்தேன்’ என்று சொல்லவருவீர்கள். 1983-ல் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு சிறுமி பரீட்சைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வீடியோவைக் காட்டினார்கள். சிலரிடம் அவள் வசதியான, படித்த வீட்டுப் பெண் என்றும், சிலரிடம் அப்பா கறிக்கூடத் தொழிலாளி என்றும் தெரியப்படுத்தியிருந்தார்கள். வீடியோ ஒன்றேதான். முதல் கூட்டம் அவளைக் கெட்டிக்காரி என்றது, அடுத்த கூட்டம் மட்டம் என்றது. வேடிக்கை என்னவென்றால், வீடியோ பார்க்காமல் குடும்பத்தை மட்டும் தெரிந்துகொண்டவர்கள் அவளை இவ்வளவு மேலே தூக்கவும் இல்லை, கீழே தள்ளவும் இல்லை. பரீட்சையைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் ‘ஆதாரம் இருக்கிறது’ என்ற தெம்பில் துணிந்து தீர்ப்பு சொன்னார்கள்.

சரி, இது அலுவலகத்து விஷயம். என்னை உறுத்துவது போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்தத் தோழிகள் வரிதான். எட்டு வயசுக் குழந்தை செருப்பைக் கழற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறது. பெயரைக் கேட்பதற்கு முன்னால் அப்பாவின் வேலையைக் கேட்கிறீர்கள். பதிலைப் பொறுத்து ‘வாம்மா, உட்காரு’ என்பீர்கள், அல்லது ‘ம்’ என்று பேப்பரை விரிப்பீர்கள். உங்கள் மகள் ஒன்றும் சொல்லவில்லையாம்! அந்த வயசில் அவளால் என்ன சொல்ல முடியும்? எந்தத் தோழியைக் கூட்டிவரலாம், யாரைத் தெருமுனையிலேயே அனுப்பிவிடலாம் என்று கற்றுக்கொண்டிருப்பாள். பிள்ளைக்கு நாம் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தருவதைவிட வாசலில் வந்தவர்களிடம் நடந்துகொள்வதுதான் அதிகம் ஒட்டும். உங்கள் மகளிடம் அது ஒட்டவில்லை என்றால் அதில் உங்களுக்குப் பங்கு இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்பாவிடம் பேசாமல் இருப்பது எனக்குப் பிடிக்காது. பெற்றவர்களின் தப்பை முகத்துக்கு நேரே சொல்வது பிள்ளையின் கடமை, சொன்ன பிறகு கூட உட்கார்ந்து பேசுவதும் கடமை. ஆனால் முதல் அடி நீங்கள்தான் எடுத்துவைக்க வேண்டும், பெரியவர் நீங்கள்.

ஆர்டர் கொடுக்கவில்லை என்றீர்களே, நல்லதாயிற்று. மூன்று பேரையும் திரும்பக் கூப்பிடுங்கள். வேலை சம்பந்தமான கேள்விகளை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதைக்கப்போது மார்க் போடுங்கள், கடைசியில் மொத்தமாக ‘ஆள் எப்படி’ என்று யோசித்துப் போடாதீர்கள். ஒரே கணக்கை மூன்று பேரிடமும் கொடுத்து, விடைத்தாளில் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மகளும் தனியாகத் திருத்தட்டும். அந்தப் பையன் தோற்றாலும் தோற்கட்டும், பரவாயில்லை.

அப்புறம், ஒரு முறை வந்துவிட்டு மறுபடி வராமலே போன தோழி யார் என்று மகளிடம் கேளுங்கள். பெயர் அவளுக்கு ஞாபகம் இருக்கும்.