குளிர்நாட்டில் முதல் கார்: மேலூர்த் தம்பிக்கு எஞ்சின் ஆயில் பற்றி

தம்பி, கனடாவின் வின்னிபெக்கில் பழைய டொயோட்டா கொரோலா ஒன்றை வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மேலூரில் அப்பாவின் காருக்குக் கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றியே பார்த்த உங்களுக்கு, அங்கே பட்டறையில் தண்ணீராய் ஓடும் 0டபிள்யூ-20 ஊற்றியது கவலையாக இருக்கிறது. எஞ்சின் தேய்ந்துவிடாதா, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். விடுமுறைக்கு மதுரை வந்திருக்கிறேன். திருநகரில் அக்கா வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன்.

கவலையை விடுங்கள். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி இளகி ஓடும் என்பதற்கு. பின்னால் இருப்பது 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள். 0டபிள்யூவை மைனஸ் 35 டிகிரியில். நம் ஊரில் மார்கழி அதிகாலைகூட உறைநிலைப் பக்கம் போவதில்லை, அதனால் முதல் எண்ணை யாரும் கவனிப்பதில்லை. வின்னிபெக்கில் மைனஸ் 30 வரும். அந்தக் காலையில் 20டபிள்யூ ஆயில் உறைந்த நெய்யாகக் கிடக்கும். சாவியைத் திருப்பியதும் மேலே ஏறி வராது. தேய்மானம் அதிகம் நடப்பது அந்தச் சில நொடிகளில்தான்.

சூட்டில் 20 என்பதும் மெலிதுதானே என்பீர்கள். 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சின்களில் பாகங்களின் இடைவெளிகளும் ஆயில் பம்ப்பும் அந்த அளவுக்கே வடிவமைக்கப்பட்டவை. இங்கே மதுரை வெயிலில் ஓடும் புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கும் இப்போது 0டபிள்யூ ஆயில்தான். ஆனால் பட்டறை சொன்னதை மட்டும் நம்பாமல் உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். பழைய கொரோலாக்களுக்கு 5டபிள்யூ-30 என்று இருக்கும். டப்பாவில் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. முத்திரையும் எஸ்.பி. அல்லது அதற்குப் பின் வந்த தரமும் இருந்தால் போதும். 2020இல் வந்த எஸ்.பி. தரம் முந்தைய பெட்ரோல் எஞ்சின்களுக்கும் பொருந்தும். அதற்குமேல் எந்த நிறுவனம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எப்போது மாற்றுவது என்பதில்தான் நம்மவர்கள் பலர் தவறுகிறார்கள். கிலோமீட்டரை மட்டும் எண்ணுகிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு நான்கே கிலோமீட்டர் என்கிறீர்கள். ஓட்டம் குறைவுதானே என்று தோன்றும். எஞ்சினுக்கு அதுதான் கடும் உழைப்பு. குளிர்ந்த எஞ்சினில் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலக்கின்றன. ஆயில் நன்றாகச் சூடேறினால் அவை ஆவியாகிவிடும். நான்கு கிலோமீட்டரில் சூடேறாது. கலந்தது அங்கேயே தங்கிக் கசடாகும். ஜனவரியில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் நிறத்தில் படிந்திருக்கும், பாருங்கள். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டுங்கள்.

ஆகவே, 8,000 கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். உங்கள் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதன்படி. குளிர்கால டயர் போடும்போது ஒருமுறை, கழற்றும்போது ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஃபில்டரும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கட்டும். ஆயில் கறுத்துவிட்டதே என்று பதற வேண்டாம், அழுக்கைத் தன்னுள் வாங்கிக்கொள்வது அதன் வேலை.

நிறத்தைவிட அளவு முக்கியம். பழைய கார் ஆயிலைக் குடிக்கும். மாதம் இருமுறையாவது சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் குச்சியை இழுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு லிட்டர் அளவுதான் வித்தியாசம். கீழ்க்குறிக்குப் போகும்வரை காத்திருக்காதீர்கள்.

குளிர் இறங்குவதற்குள் வீட்டுக்காரரிடம் இரவில் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டருக்கு மின் இணைப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். சட்டென ஆயில் மாற்றித் தரும் கடைகளில் எஞ்சினை உள்ளே கழுவித் தருகிறோம் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். ஆயில் மாற்றிய மறுநாள் காலை காருக்கு அடியில் சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், காரை விற்கும்போது அது பேசும்.

மேலூரில் அப்பாவின் கார் கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே வருவதாக எழுதியிருந்தீர்கள். நின்ற காருக்கும் வருடம் ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். தேதி நினைவில்லை என்றால் இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள்.