மூன்று மாடும் தீவனச் செலவும்

பால் காசு முழுக்கத் தீவனக் கடைக்கே போகிறது, மூன்று மாட்டை இயற்கை முறைக்கு மாற்றினால் கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டும் அண்ணா. ஆனால் விலை கூடுமென்று மாறாதீர்கள். பால் கூட்டுறவுச் சங்கத்தில் பாலிலுள்ள கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்துத்தான் காசு. மிச்சமாவது தீவனச் செலவு குறைவதில்தான். வரப்பில் அகத்தியும் வேலிமசால் என்ற தீவனப் பயிரும் போடுங்கள். பிண்ணாக்கு, தவிடு மாதிரியான அடர்தீவனத்தை மெல்லக் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் பால் இறங்கிவிடும்.

அப்புறம் மடிவீக்கம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரையுங்கள். பாலை ஒட்டக் கறந்து, மடியைக் கழுவி, விழுதில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நீர்விட்டுக் கரைத்து நாளுக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள் பூசுங்கள். எங்கள் செவலைப் பசுவுக்குக் கல்லாய் இருந்த காம்பு இதில்தான் இளகியது. காய்ச்சல் கண்டால் மட்டும் காத்திராமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.