என் உடம்புக்காகப் போனால் அது தொண்டா? – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். வயது 61. சென்ற ஆண்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போதெல்லாம் "நடங்கள், நடங்கள்" என்கிறார்கள். நடக்கிறேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி. கையில் கட்டியிருக்கும் காலடி எண்ணும் கருவி 10,000 காட்டினால்தான் நிறுத்துவேன். சில நாள் இரவு பத்து மணிக்கு வீட்டுக் கூடத்திலேயே முன்னும் பின்னும் நடந்து கணக்கை முடிக்கிறேன். உண்மையைச் சொன்னால் அலுத்துவிட்டது.

எங்கள் புளோக்கில் சமூகத் தோட்டத்துக்குத் தொண்டூழியர் வேண்டும் என்று மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். போகலாமா என்று யோசிக்கிறேன். "இந்த வயதில் போய் மண்ணைப் பிசையணுமா?" என்கிறார் மனைவி. எனக்கு உறுத்துவது வேறு. நான் போவது என் சர்க்கரைக்காக. அதைத் தொண்டு என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் மாடியில் ஒரு சீன முதியவர் தனியாக இருக்கிறார். ஹொக்கியன் தவிர வேறு மொழி பேசி நான் கேட்டதில்லை. ஏதாவது உதவலாம் என்று தோன்றும். கதவருகே போனதும் தயங்கித் திரும்பிவிடுவேன். தலையிடுகிறேன் என்று நினைத்துவிட்டால்?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் உறுத்தலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதே உறுத்தலோடுதான் ஆறு வருடம் முன்பு நானும் எங்கள் புளோக்கின் தோட்டத்துக்குள் போனேன். எனக்கு முழங்கால். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், காலையில் பத்து, மாலையில் பத்து. வீட்டில் மூன்று நாள் செய்தேன், நான்காம் நாள் மறந்தேன், அப்புறம் விட்டே போனது. தோட்டத்தில் ஒரு பாத்தி களை எடுத்து முடிக்கும்போது எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஒரு மணி நேரத்தில் முழங்காலை நினைக்கவே இல்லை.

ஆகவே உங்கள் உடம்புக்காகவே போங்கள். தனக்கும் ஒரு தேவை இருக்கிறது என்று தெரிந்து வருபவர் அடுத்தவரிடம் பேசும் குரலே வேறாக இருக்கும். கொடுக்க மட்டுமே வந்திருக்கிறேன் என்று நினைக்கிறவரிடம் வாங்கிக்கொள்வது எவ்வளவு கூச்சமான விஷயம் என்று வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

என் ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாய் தூர் வார வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். குடிமராமத்து என்பார்கள். அப்பா சிறுவனாக இருந்தபோது தாத்தாவோடு போனதை அடிக்கடி சொல்வார். தன் வயலுக்குத் தண்ணீர் வர வேண்டும் என்றுதான் தாத்தா போனார். அடுத்தவர் வயலுக்கும் அதே தண்ணீர்தான் பாய்ந்தது. அதில் எது சுயநலம், எது பொதுநலம் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. இங்கே கம்பத்தில், அதாவது கிராமத்தில், வாழ்ந்த மலாய்க்காரர்கள் கோத்தோங் ரோயோங் என்று சொன்னதும் இதைத்தான்.

லண்டனில் குட்ஜிம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 2009-இல் கிழக்கு லண்டனின் டவர் ஹேம்லெட்ஸ் பகுதியில் ஐவோ கோர்ம்லி என்பவர் தொடங்கியது. ஜிம்முக்குப் போய் நகராத வண்டியை மிதிக்கும் உழைப்பை எங்காவது உபயோகமாகத் திருப்பிவிட முடியாதா என்று யோசித்திருக்கிறார். அங்கே சேர்ந்தவர்கள் கூட்டமாக ஓடிப் போய், ஒரு சமூகத் தோட்டத்தில் எருவை அள்ளிக் கொட்டிவிட்டு, ஓடியே திரும்புகிறார்கள். தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கு வாராவாரம் ஓடிப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறவர்களும் உண்டு. இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று. அந்த முதியவரை அவர்கள் 'கோச்' என்று அழைக்கிறார்கள். பயிற்சியாளர். நாற்காலியை விட்டு நகர முடியாதவர்தான் ஓடுகிறவருக்குப் பயிற்சியாளர். அவர் காத்திருக்கிறார் என்பதால்தான் இவர் மழையிலும் ஷூவை மாட்டுகிறார்.

படித்ததும் எனக்கு எங்கள் நான்காம் மாடிப் பாட்டி நினைவுக்கு வந்தார். தியோச்சியூ என்ற சீன மொழி பேசுகிறவர். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு கீழே வருவதில்லை. செவ்வாய்க்கிழமை கங்கோங் கீரை அறுக்கும் நாள், எட்டரை மணி வாக்கில் ஒரு கட்டு கொண்டு போவேன். முதல் சில வாரம் மரக்கதவைத் தட்ட வேண்டியிருந்தது. பிறகு ஒரு செவ்வாயன்று மரக்கதவு முன்பே திறந்திருந்தது. இரும்புக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய ஐஸ்கிரீம் டப்பா. போன வாரம் நான் கீரை வைத்துக் கொடுத்தது. அதைக் கழுவித் துடைத்து, உள்ளே இரண்டு ஆரஞ்சு வைத்திருந்தார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று என் அம்மா சொல்வார். அதைப் பாட்டியிடமும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் கீரையை வேரோடு பிடுங்குவதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டவரும் அவர்தான். ஒரு தண்டை எடுத்து, கணுவுக்குக் கீழே விரல் நகத்தால் கிள்ளி, தண்ணீர் வைத்த தம்ளரில் போட்டுக் காட்டினார். அடுத்த செவ்வாய் அந்தத் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்தார். கணுவிலிருந்து வெள்ளை நூல் மாதிரி வேர் சுற்றிலும் இறங்கியிருந்தது. இன்று எங்கள் தோட்டத்தில் ஒரு முழுப் பாத்தி அவர் தம்ளரிலிருந்து வந்ததுதான். மழை கொட்டிய டிசம்பர் காலைகளில் படுத்தே கிடக்கலாம் போலிருக்கும். கதவு திறந்திருக்குமே என்று எழுந்து போயிருக்கிறேன். என் முழங்காலுக்கு அவரைவிட நல்ல பயிற்சியாளர் கிடைத்ததில்லை.

சரி, உங்கள் 10,000. அந்த எண் பெரிய மருத்துவ ஆய்வு எதிலிருந்தும் வந்ததல்ல. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவிக்கு 'மான்போ-கேய்' என்று பெயர் வைத்தார்கள், பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். அந்தப் பெயர்தான் உலகம் சுற்றி இப்போது உங்கள் மணிக்கட்டுக்கு வந்திருக்கிறது. 2019-இல் அமெரிக்காவில் வயதான பெண்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல் வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அவர்களில் நாளுக்கு ஏறக்குறைய 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-ஐத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. நடையை விட்டுவிடாதீர்கள், அதற்காகச் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்குக் கூடத்தில் நடக்கும் தண்டனையை மட்டும் உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தக் கருவி எண்ணாத வேலைகளும் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. கூடவே தசைக்கு வலு தரும் வேலையையும் சேர்த்துச் சொல்கிறது, 65 வயதுக்கு மேல் நிலை தடுமாறாமல் இருப்பதற்கான பயிற்சியையும். 10 லிட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ. குழாயிலிருந்து கடைசிப் பாத்திக்குப் பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஆறு நடை போய்ப் பாருங்கள். தோளுக்கும் இடுப்புக்கும் கார் நிறுத்துமிடம் தராத வேலை அது.

நம் ஊர்த் தோட்டங்கள் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிவைத்த திட்டம், இன்று தீவு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள். பப்பாளி காணாமல் போகும், யார் பறித்தார்கள் என்று சண்டை வரும், சில இடத்தில் வேலி போட்டுப் பூட்டியிருப்பார்கள். அதிலெல்லாம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் சொல்கிறேன். சிங்கப்பூர் மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா இருக்கிறது. வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். கனமழைக்குப் பிறகு ஆபத்து கூடும். வந்தால் கடுமையாக வரக்கூடியது, சர்க்கரை உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. பயந்து ஒதுங்க வேண்டாம். ஆனால் ஜப்பான் ஸ்லிப்பர் போட்டுக்கொண்டு மண்ணில் இறங்காதீர்கள். மூடிய ஷூ அல்லது ரப்பர் பூட்ஸ், கையுறை, காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி. முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காலைத் திருப்பிப் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். அடைமழை நாளில் சேற்று வேலையை வேறொருவருக்கு விட்டுவிட்டு விதைப் பொட்டலம் கட்டலாம். வெறும் வயிற்றில் காலை வேலைக்குப் போகாதீர்கள், சர்க்கரை சட்டென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நீங்கள் எடுக்கும் மருந்தோடு வெயிலில் எவ்வளவு நேரம் உழைக்கலாம் என்று அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மனைவியின் கேள்வியில் உள்ள கவலைக்கு இதைச் செய்வதே பதில்.

முதல் நாள் என்ன வேலை கேட்பது என்று குழம்பினால், செடித் தொட்டிகளுக்கு அடியில் உள்ள தட்டுகளைப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். யாரும் விரும்பிச் செய்யாத வேலை. தட்டில் ஒரு வாரம் நீர் தேங்கினால் போதும், ஏடிஸ் கொசு வளர்ந்து பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். குனிந்து நிமிர்ந்து நாற்பது தட்டு தேய்த்தால் அன்றைய உடற்பயிற்சி முடிந்தது. அந்தப் புளோக்கில் ஒரு குழந்தைக்கு டெங்கி வராமல் போனதற்கு நீங்கள் காரணமாக இருக்கலாம், அது யாருக்கும் தெரியாது.

இனி உங்கள் மாடி முதியவர். கதவைத் தட்டி "உதவி வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்று சொல்வதைத் தவிர அந்தக் கேள்விக்கு அவரிடம் என்ன பதில் இருக்கும்? மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது "ஜியாக் பா புவே?" என்று கேளுங்கள். நாம் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறோமே, அதேதான். உச்சரிப்பு தப்பானால் அவர் திருத்துவார், திருத்தட்டும். அந்தத் தலைமுறையில் பலருக்குச் சந்தை மலாய் தெரியும், அதையும் முயன்று பாருங்கள். தோட்டத்தில் உங்களுக்குத் தெரியாத ஒரு கீரையைப் பறித்துக்கொண்டு போய், இதை எப்படிச் சமைப்பது என்று கேளுங்கள். முதலில் உதவி கேட்பவர் நீங்களாக இருங்கள். அவர் வேண்டாம் என்று கையசைத்தால் புன்னகைத்துவிட்டு வந்துவிடுங்கள், அடுத்த முறையும் வணக்கம் சொல்லுங்கள். நான்காம் மாடிப் பாட்டி எனக்குச் சிரிப்பைத் திருப்பித் தர இரண்டு மாதம் ஆனது.

ஒருவேளை உங்களை அவர் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால், வர முடியாத வாரத்தை முன்பே சொல்லிவிடுங்கள். விரலால் நாள்காட்டியைக் காட்டினாலும் போதும். நான் ஊருக்குப் போன ஒரு முறை சொல்லாமல் போய்விட்டேன். மூன்று செவ்வாய் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

என் கறிவேப்பிலை மரத்தடியில் கன்றுகள் நிறைய முளைத்திருக்கின்றன. ஒன்றைத் தொட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு சாண் உயரம். உங்கள் தோட்டக்குழு இடம் கொடுத்தால் ஒரு வரி எழுதுங்கள், ஈசூனுக்குக் கொண்டு வந்து தருகிறேன். முதல் இரண்டு வாரம் நிழலில் இருக்க வேண்டும்.

அன்புடன்