விழுந்தவனைப் பார்த்துத் தட்டிய கைகள்

கேள்வி: நான் பாஸ்டன் நகரின் பிரைட்டன் பகுதியில் வசிக்கிறேன். 1995-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு முதுகலை படிக்க வந்தேன். அறைத்தோழர் ஒருவர் ஐஸ் ஹாக்கி பார்க்க அழைத்துச் சென்றார். அன்று முதல் பி.யு. அணியின் சிவப்புச் சட்டைதான் எனக்கு எல்லாம். 2009-இல் அந்த அணி தேசியப் பட்டம் வென்ற இரவில் நான்கு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியின் முன் அழுதேன். அதே மகள் இப்போது எங்கள் பரம எதிரியான பாஸ்டன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எத்தனையோ இடங்கள் இருக்க, அங்கேதான் போய்ச் சேர்ந்தாள்.

ஜனவரி இறுதியில் இரு அணிகளும் வெள்ளிக்கிழமை அவர்கள் அரங்கிலும் சனிக்கிழமை எங்கள் அரங்கிலும் மோதின. வெள்ளியன்று தோற்றோம். சனியன்று மகள் அவர்கள் அணியின் மரூன் நிறச் சட்டையோடு என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். இரண்டாம் பகுதியில் அவர்கள் அணிப் பையன் ஒருவன் ஓரப் பலகையில் மோதி விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தான். நான் எழுந்து நின்று கை தட்டினேன். மகள் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியேறி டிராம் ஏறிப் போய்விட்டாள். அவன் அவளுடைய வகுப்புத் தோழன் என்பதை மனைவி பிறகு சொன்னாள். பத்து நாட்களாக எல்லாப் பேச்சும் மனைவி வழியாகத்தான். பீன்பாட் போட்டியின் இறுதி நாளுக்கு நான்கு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். அவள் அங்கே சேராமல் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது. ஆட்டம் பார்ப்பதையே விட்டுவிடலாமா? அந்தப் பையனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி மகளிடம் கொடுத்தனுப்பலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்டனில் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்த காலத்தில் நான் மரூன் நிறத்துக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தியவள். 2010 ஜனவரியில் ஃபென்வே பேஸ்பால் மைதானத்தில் பனித்தளம் அமைத்து இவ்விரு அணிகளையும் ஆடவிட்டபோது, 38,000-க்கும் மேற்பட்டோரில் ஒருத்தியாக விறைத்துப்போன விரல்களோடு நின்று, உங்கள் அணி 3-2 என்று வென்றதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவள். ஆகவே ‘ஒரு விளையாட்டுக்கா இத்தனை ஆவேசம்’ என்று உங்களைக் கேட்க எனக்கு மனம் வராது. அந்த ஆவேசம் எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும். அது உங்களுக்கு எத்தனை மகிழ்ச்சி தந்திருக்கும் என்பதும் தெரியும்.

இந்தப் பகையை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். பெயரில் ஒன்று பல்கலைக்கழகம், மற்றது கல்லூரி என்றாலும் இரண்டுமே பெரிய பல்கலைக்கழகங்கள்தாம். காமன்வெல்த் அவென்யூ என்ற ஒரே சாலையில், ஒரே டிராம் பாதையில், ஐந்து மைலுக்கும் குறைவான தொலைவில் இரண்டும் இருக்கின்றன. 1918 முதல் மோதி வருகின்றன. ஆளுக்கு ஐந்து தேசியப் பட்டங்கள். 2008-இல் பி.சி. (பாஸ்டன் கல்லூரி), 2009-இல் பி.யு., 2010-இல் மறுபடியும் பி.சி. என்று நாட்டின் பட்டம் மூன்று ஆண்டுகள் அந்தச் சாலையை விட்டு வெளியே போகவே இல்லை. 1978-இல் இறுதியாட்டத்திலேயே இரண்டும் எதிரெதிரே நின்று, பி.யு. 5-3 என்று வென்றது. உங்கள் அணியைப் பயிற்சியாளர் ஜாக் பார்க்கர் 1973 முதல் 2013 வரை, நாற்பது ஆண்டுகள் நடத்தினார். எங்கள் அணியின் பயிற்சியாளராக ஜெர்ரி யார்க் 1994-இல் பொறுப்பேற்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்விருவரும் எதிரெதிர் வரிசைகளில் நின்று ஒருவரையொருவர் தோற்கடிக்கப் பார்த்தார்கள்; அதில் இருவருமே மேலும் பெரியவர்களானார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இது பகையாளிச் சண்டையன்று, பங்காளிச் சண்டை. ஒரே தெரு, ஒரே கிணறு, ஒரே வாய்க்கால். எதிர்வீட்டுக்காரன் ஊரைவிட்டுப் போய்விட்டால் அதிகம் வருந்துகிறவனும் பங்காளிதான்.

கல்லூரி ஹாக்கியில் பெரும்பாலும் ஒரே எதிரணியோடு வெள்ளி, சனி என்று அடுத்தடுத்த இரவுகளில் ஆடுவார்கள். ஆடுகிறவர்கள் மாணவர்கள், வார நாட்களில் அவர்களுக்கு வகுப்புகள் உண்டு. ஆனால் பார்க்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு ஒரு சோதனை. வெள்ளி இரவு தோற்றவன் சரியாகத் தூங்குவதில்லை. மறுநாள் முழுவதும் அந்தத் தோல்வியையே மென்றுகொண்டிருந்துவிட்டு, ஆறாத புண்ணோடு மாலையில் அரங்குக்குள் நுழைகிறான். நீங்களும் அப்படித்தான் நுழைந்திருப்பீர்கள். கோல் விழும்போது எதிரணிக் கோல்காவலரின் பெயரை இழுத்து இழுத்துச் சொல்லிச் ‘சல்லடை, சல்லடை’ என்று ஆறாயிரம் பேர் கத்துவதில் உங்கள் குரலும் இருந்திருக்கும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அந்தக் கூச்சல் ஆட்டத்தைச் சேர்ந்தது, கோல்காவலருக்கும் அது தெரியும். எங்கள் பக்கத்திலும் அதே கூச்சல்தான்.

ஆனால் நீங்கள் கை தட்டியது ஆட்டம் நின்றபோது. விசில் ஊதியாயிற்று, பக் என்னும் ஆட்ட வட்டு எங்கோ கிடக்கிறது, இருபது வயதுப் பையன் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். அந்த நேரத்தில் அங்கே சிவப்பும் இல்லை, மரூனும் இல்லை. எழ முடியாமல் கிடப்பவன் எழும்வரை அரங்கம் அமைதி காப்பதும், எழுந்ததும் இரு பக்கத்தாரும் கை தட்டுவதும், ஆட்டக்காரர்கள் மட்டையைப் பனியில் தட்டுவதும் இந்த ஆட்டத்தின் வழக்கம். அதே கைதட்டலை நீங்கள் சில நிமிடங்கள் முன்னதாகத் தட்டிவிட்டீர்கள். தவறு அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது; அது சிறிய தவறு அன்று.

இதைக் கடுமையாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1995 இலையுதிர் காலத்தில் பாஸ்டனுக்கு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அக்டோபர் 20-ஆம் நாள் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முதலாண்டு மாணவர் டிராவிஸ் ராய், பி.யு. அணிக்காகத் தம் முதல் ஆட்டத்தில் களம் இறங்கிய பதினோராவது நொடியில் பலகையில் மோதி விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அதற்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்காக அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி நடத்தி, 2020-இல் மறைந்தார். அவருடைய 24-ஆம் எண் உங்கள் அகானிஸ் அரங்கின் கூரையில்தான் தொங்குகிறது. அந்த எண்ணுக்குக் கீழே அமர்ந்திருக்கும் பி.யு. ரசிகரைவிட, பலகையில் மோதி விழுந்தவன் எழும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ள அதிகக் கடமைப்பட்டவர் வேறு யாரும் இல்லை. உங்கள் மகளும் அந்தக் கதையை உங்கள் வாயிலிருந்துதான் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் அவள் ஏன் எழுந்து போனாள் என்பது விளங்குகிறது. வகுப்புத் தோழன் என்பது காரணத்தில் பாதிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்; மனம் நோகாமல் கேளுங்கள். சிறிய கடிதத்தில் ‘அங்கேதான் போய்ச் சேர்ந்தாள்’ என்றும், ‘சேராமல் இருந்திருந்தால்’ என்றும் இருமுறை அதையே எழுதியிருக்கிறீர்கள். அன்று நீங்கள் தட்டியது முழுவதும் அந்தப் பையனை நோக்கித்தானா? நான்கு வயதில் உங்கள் மடியில் இருந்து சிவப்புக்காக மகிழ்ந்த குழந்தை, மரூன் சட்டையில் பக்கத்தில் வந்து அமர்ந்தது உங்களுக்கு எங்கோ வலித்திருக்கிறது. அந்த வலி இயல்பானதே. ஆனால் அவள் வேறொரு காரியமும் செய்தாள். அது உங்கள் கண்ணில் படவில்லை. அவள் நினைத்திருந்தால் வெள்ளியன்று வென்ற களிப்பில் தோழிகளோடு விடுதியிலேயே இருந்திருக்கலாம். அதை விட்டு, ஆறாயிரம் சிவப்புச் சட்டைகளுக்கு நடுவே ஒற்றை மரூன் சட்டையாக, அப்பாவின் பக்கத்து இருக்கைக்கு வந்தாள். அவள் உங்களிடமிருந்து பெற்றது நிறத்தையன்று, ஆட்டத்தை. அதைக் கைவிடாமல் எடுத்துக்கொண்டுதான் அந்தக் கல்லூரிக்குப் போயிருக்கிறாள்.

ஆகவே ஆட்டம் பார்ப்பதை விட்டுவிட வேண்டாம். விட்டால் அது அவளுக்குத் தரும் தண்டனையாகத்தான் போய்ச் சேரும். ‘என்னால்தானே அப்பா விட்டுவிட்டார்’ என்ற பாரத்தை அவள் சுமப்பாள். கல்லூரி ஹாக்கியின் விதியொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். தொழில்முறை ஆட்டத்தில் கைகலப்பில் இறங்கியவர் ஐந்து நிமிடம் வெளியே அமர்ந்துவிட்டுத் திரும்ப வந்துவிடலாம். கல்லூரி ஆட்டத்தில் அவரை அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவதோடு அடுத்த ஆட்டத்திலும் ஆடவிடுவதில்லை. வெள்ளி இரவின் கோபத்துக்குச் சனி இரவை விலையாகக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த விலையைக் கொடுத்து முடித்தவர் மறுபடி அணியில் சேர்ந்து ஆடுகிறார். அணியை விட்டே போய்விடு என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. உங்களுக்கும் அந்த அளவு போதும். ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுங்கள். அந்த மாலையை மகளைப் பார்க்கப் போவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்குக் கடிதம் எழுத வேண்டாம். அத்தனை பேர் இருந்த அரங்கில் உங்கள் கைதட்டல் மட்டும் தனியே அவன் காதில் விழுந்திருக்காது. கடிதம் கொடுத்தால் அவனுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியப்படுத்துவீர்கள். அதைச் சுமந்துபோய்த் தரும் சங்கடமும் மகளுடையதாகும். அந்தச் சத்தத்தைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். உங்கள் மன்னிப்பு அவளிடம் போக வேண்டியது, அதுவும் நேரில். மனைவியைத் தூது அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள்; இருவருக்கும் நடுவே அவர் பத்து நாட்களாகப் படும் பாட்டை உங்கள் கடிதத்தில் எங்குமே காணோம்.

டிராமில் கடைசி நிறுத்தம் வரை போய் இறங்குங்கள். பக்கத்திலேயே செஸ்ட்நட் ஹில் நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் கரையில் அவளோடு நடந்துகொண்டே பேசலாம். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட நடந்துகொண்டே பேசுவது தகப்பனுக்கும் மகளுக்கும் எளிது. ‘அன்னிக்கு நான் கை தட்டினது தப்பும்மா’ என்று சொல்லுங்கள். வெள்ளியன்று தோற்றதையோ, நடுவர் செய்த பிழையையோ, எதிர்ப்பக்கத்தார் முன்பு செய்தவற்றையோ அதனோடு சேர்க்க வேண்டாம். பிறகு அந்தப் பையனின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், அவள் சொல்லும் பதிலை முழுவதும் கேளுங்கள். அவள் உடனே உருகிவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். நீர்த்தேக்கத்தை ஒரு சுற்று நடந்து முடித்த பிறகும் அவள் பேசாமல் இருக்கலாம். பேசாமல் நடந்தாலும் அவள் உங்களோடுதான் நடக்கிறாள்.

பீன்பாட் டிக்கெட்டுகளை விற்றுவிடாதீர்கள். பாஸ்டனின் நான்கு அணிகளும் பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமைகளில் டி.டி. கார்டன் அரங்கில் ஆடும் அந்தப் போட்டி 1952 முதல் நடந்து வருகிறது. அதற்கு உங்கள் வீட்டார் நால்வரும் சேர்ந்து போவது எத்தனை ஆண்டுப் பழக்கமோ, எனக்குத் தெரியாது. ‘உன் டிக்கெட் என்னிடம் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு, முடிவை அவளிடம் விட்டுவிடுங்கள். வந்தால் நீங்கள் சிவப்பிலேயே போங்கள். அவளைச் சமாதானப்படுத்த வேறு நிறம் அணிந்துகொண்டு போனால் அவளுக்கே அது பிடிக்காது. அவளும் மரூனில் வரட்டும். நான்கு இருக்கைகளில் எதில் அமர்வது என்பதை அன்று அவளே தேர்ந்தெடுக்கட்டும்.