31 வயதில் உதவி இயக்குநராகச் சேரலாமா?

தம்பி, ஆறு வருடம் சின்ன வேடங்களில் நடித்தாயிற்று, இப்போது உதவி இயக்குநராகக் கூப்பிடுகிறார்கள், போனால் நடிகன் என்ற பெயர் போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது, சேர்ந்துவிடுங்கள்.

பார்த்திபன் பாக்யராஜிடம் உதவியாளராக இருந்தபோதே ‘தாவணிக் கனவுகள்’ (1984) படத்தில் சின்ன வேடத்தில் வந்தவர். 1989இல் ‘புதிய பாதை’யை இயக்கி, அவரே நாயகனாகவும் நடித்தார். நாசர் 1985இல் நடிக்க வந்தார். ‘அவதாரம்’ எடுத்தது 1995இல். கூத்துக் கலைஞர்களின் கதை அது. நடிகரின் வலி தெரிந்தவர் எடுத்த படம் என்று ஒவ்வொரு காட்சியும் சொல்லும்.

நடிகராக இருக்கும்போது நம் ஷாட் முடிந்ததும் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவோம். உதவி இயக்குநராகி, ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருள், அசைவு மாறாமலிருக்கக் குறித்துவைக்கும் கன்டின்யூட்டி நோட்டு கைக்கு வந்த பிறகுதான், ஒரு காட்சி எத்தனை துண்டுகளாக எடுக்கப்படுகிறது என்பதே எனக்குப் புரிந்தது.

சம்பளத்தை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். உதவி இயக்குநராக என் முதல் படத்தில் நாலு மாதம் பேட்டா என்கிற தினப்படிகூட வரவில்லை. சாலிகிராமத்து அறை வாடகையை நண்பன்தான் கட்டினான். அப்புறம், டப்பிங் பேசும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள், இரவில் போய்விட்டு வரலாம். படப்பிடிப்பு முடிந்ததும் எடிட்டிங் அறையில் உட்கார அனுமதி கேளுங்கள்; இதை இன்றைக்கே கேட்டுவிட்டால் நல்லது.