கிரியாட்டினின் 6.8 வந்த நாய்க்கு இனி என்ன செய்வது?

கேள்வி: தஞ்சாவூரில் இருக்கிறோம். எங்கள் லேப்ரடார் சீசருக்கு 11 வயது, 28 கிலோ. ஒரு மாதமாகத் தண்ணீர் நிறையக் குடித்தான். போன வாரத்திலிருந்து சாப்பாடு இல்லை, வாந்தி. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 6.8. சிறுநீரகம் போய்விட்டது என்று சொல்லி நேற்றிலிருந்து ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள். ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் கணவர். அது பாவம், அதுவாகப் போகட்டும் என்கிறார் மாமியார். எட்டு வயது மகள் அவனை விட்டு நகர மறுக்கிறாள். எதுவரை பார்ப்பது? வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? வீட்டில் இன்னொரு நாயும் இருக்கிறது.

பதில்: கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு. 6.8 பயப்பட வேண்டிய எண்தான். ஆனால் அது ஒரு வாரம் வாந்தி எடுத்து நீர் வற்றிப்போன உடம்பில் எடுத்த ரத்தத்தில் வந்த எண். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமே குறைந்திருக்கும் நேரத்தில் கிரியாட்டினின் கூடுதலாகவே காட்டும். நாய்களின் நாள்பட்ட சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறோம். 5-க்கு மேல் போனால் கடைசி நிலை. ஆனால் நீர்ச்சத்து தேறி, நாய் ஓரளவு நிலைப்பட்ட பிறகு எடுத்த எண்ணை வைத்துத்தான் அந்தக் கணக்கு. அதனால் இன்றைக்கே எந்த முடிவும் வேண்டாம். ட்ரிப்ஸ் தொடங்கியதிலிருந்து மூன்று நாள் ஆனதும் ரத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்குள் டாக்டரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: இது திடீரென்று வந்ததா, நாள்பட்டதா? இரண்டுக்கும் கிரியாட்டினின் ஒன்றுபோல ஏறும், முடிவு மட்டும் வேறு. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் எலிக் காய்ச்சலும் நாயின் சிறுநீரகத்தைச் சில நாட்களில் படுக்கப் போட்டுவிடும். நேரத்தோடு சரியான ஆன்டிபயாட்டிக்கும் ட்ரிப்ஸும் கிடைத்தால் அந்த நாய்களில் பல எழுந்து நடக்கும். நாள்பட்ட நோயில் போன திசு திரும்ப வராது. ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கி, ஓரம் கரடுமுரடாக இருக்கிறதா, ரத்தசோகை இருக்கிறதா, சில மாதங்களாக எடை குறைந்திருக்கிறதா என்பதை வைத்துப் பிரித்துவிடலாம். ஒரு மாதமாகத் தண்ணீர் அதிகம் குடித்தான் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நாள்பட்டது என்றே நினைக்கத் தோன்றுகிறது. ஸ்கேன் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். உள்ளூரில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான்.

இன்னொன்று. ‘முன்னாடியே பார்த்திருக்கலாமோ’ என்று வீட்டில் யாராவது ஆரம்பித்திருப்பார்கள். சிறுநீரகத்தின் திறனில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் நாய் தண்ணீரைத் தேடவே ஆரம்பிக்கும். முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறும். அதுவரை வாலை ஆட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ட்ரிப்ஸ் ஏறும் நாட்களில் கிரியாட்டினினைவிட முக்கியமானது சிறுநீர். சீசர் எடைக்கு மணிக்கு 30 முதல் 60 மில்லியாவது வர வேண்டும். விரிப்பு நனைகிறதா, எத்தனை முறை போகிறான் என்று ஒருவர் கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். ஏற்றும் நீர் உள்ளே போய்க்கொண்டே இருந்து சிறுநீர் வரவில்லையென்றால், ட்ரிப்ஸே மூச்சுத் திணறலாக மாறும். டயாலிசிஸ் பற்றியும் கேட்பீர்கள். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கு அது உண்டு. ஆனால் அது சிறுநீரகம் மீண்டு வரும்வரை தாக்குப்பிடிக்கச் செய்யும் ஏற்பாடு. மீளாத சிறுநீரகத்துக்காக 11 வயது நாயை அவ்வளவு தூரம் காரில் அலைக்கழிப்பதை நான் சொல்ல மாட்டேன்.

மூன்று நாள் கழித்து எண் இறங்கி, வாந்தி நின்று, சாப்பாட்டுத் தட்டை எட்டிப் பார்க்கிறான் என்றால் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். அங்கிருந்து அது வாரங்களாகவும் இருக்கலாம், மாதங்களாகவும் இருக்கலாம்.

சாப்பாட்டுக்கு முன்னால் வாந்தியை நிறுத்த வேண்டும். குமட்டும் நாய் தட்டருகே வந்து முகர்ந்து, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைப் பார்த்து ‘பசி இல்லை’ என்று நினைப்போம். பசி இருக்கும், வயிறு புரட்டும். மாரோபிட்டன்ட், ஆண்டன்செட்ரான் போன்ற வாந்தி மருந்தைக் கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்துச் சாப்பாடு வையுங்கள். சிரிஞ்சில் கஞ்சியை அழுத்தி வாய்க்குள் தள்ளாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. அவனுக்குப் பிடித்த சாப்பாட்டில் மாத்திரையை ஒளித்து வைக்கவும் வேண்டாம். ஒருமுறை கசந்தால் அந்தச் சாப்பாட்டையே அதன்பின் தொடமாட்டான்.

சிறுநீரக நோய்க்கென்று விற்கும் உணவை அவன் ஏற்றுக்கொண்டால் நல்லது, சில நாய்கள் ஏற்பதில்லை. வீட்டில் என்றால் குழைந்த சாதம், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு, சுரைக்காய் அல்லது பூசணி. குறைக்க வேண்டியது பாஸ்பரஸ். மஞ்சள் கரு, ஈரல், எலும்பு, பால், கருவாடு எல்லாம் வேண்டாம். தயிர்சாதத்திலேயே வளர்ந்தவன் என்றால் இரண்டு ஸ்பூன் தயிர் வாசனைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், எதையும் சாப்பிடாமல் இருப்பதற்கு அது பரவாயில்லை. மாதக்கணக்கில் வீட்டுச் சாப்பாடு என்றால் கால்சியமும் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மருந்தும் என்ன அளவு என்று டாக்டர் சொல்ல வேண்டும்.

நல்லது என்று நினைத்து எல்லோரும் கொடுப்பது இளநீர். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீர் குறைந்த நாய்க்கு அது இதயத்தையே நிறுத்தலாம். திராட்சை, உலர் திராட்சை கூடவே கூடாது. வலிக்குது போல இருக்கிறது என்று நம் வீட்டு மாத்திரைப் பெட்டியிலிருந்து பாராசிட்டமால், புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் நெருஞ்சில் கஷாயத்தையும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

தோலுக்கடியில் நீர் ஏற்றுவதை டாக்டர் கற்றுக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி, அந்த மடிப்புக்குள் ஊசி. உள்ளே போன நீர் ஒரு பை மாதிரி தொங்கி, மெல்ல முன்னங்கால் பக்கம் இறங்கிக் கரையும். மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால் அடுத்ததை ஏற்றாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். தூங்கும்போது மூச்சை எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலும் அடுத்ததை ஏற்றாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். எந்த திரவம், எவ்வளவு என்பது டாக்டர் எழுதிக் கொடுத்தபடிதான். மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிவிடாதீர்கள்.

எழுந்திருக்க முடியாத நாட்கள் வந்தால் புத்தகங்களில் அதிகம் எழுதாத இரண்டு எதிரிகள் வருவார்கள்: எறும்பும் ஈயும். படுத்த இடத்தில் சிறுநீர் போகும் நாயின் தொடை இடுக்கில் ஈ முட்டையிட்டால் மறுநாளே புழு. பழைய கொசுவலையைச் சுற்றிக் கட்டுங்கள். மெத்தைமேல் நைந்த பருத்திப் புடவையை நான்காக மடித்துப் போட்டு, நனைந்தவுடன் மாற்றுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இடுப்பெலும்பு, முழங்கை, கன்னம் மூன்றையும் தினமும் தடவிப் பாருங்கள். முடி உதிர்ந்து சிவந்திருந்தால் படுக்கைப்புண் ஆரம்பம். தொடை இடுக்கைத் துடைத்து, உலரவிட்டு, கொஞ்சம் வாசலின்.

எலிக் காய்ச்சல் இல்லை என்று உறுதியாகும்வரை சிறுநீரைக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும், அப்புறம் பிளீச்சிங் பவுடர். மகள் அவன் தலைமாட்டில் உட்காரட்டும், நனைந்த விரிப்பைத் தொட வேண்டாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் நாய்க்கு இப்படி இருக்கிறது என்று உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, எதுவரை? உங்கள் வீட்டில் இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு சீசரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கணவர் வாந்தி எடுக்கும் சீசரை. மாமியார் போன மாதம் வாசலில் படுத்திருந்த சீசரை. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-ல் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழுக்கும் தலா பத்துக்கு மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். நல்ல முறைதான். ஆனால் வீடுகளில் ‘ஐந்தா ஆறா’ என்று சண்டை வருவதையும் பார்க்கிறேன். இன்னும் எளிதாகச் செய்யுங்கள். சீசர் தானாகச் செய்யும் மூன்று காரியங்களை எழுதுங்கள். கேட் சத்தம் கேட்டு எழுவது, காலையில் ஒரு பிஸ்கட் கேட்பது, மகள் பள்ளியிலிருந்து வரும்போது வாலை அடிப்பது, இப்படி ஏதோ மூன்று. ராத்திரி தினசரி காலண்டர் தாளைக் கிழித்து இரண்டாக்கி, ஆளுக்கொரு பாதியின் பின்பக்கம், இன்று எத்தனை செய்தான் என்று கணவர் தனியாக, மாமியார் தனியாக எழுதட்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டாம். ஐந்தாறு நாள் கழித்து இருவர் தாள்களையும் பக்கத்தில் வைத்தால், பெரும்பாலும் சண்டைக்கு வேலை இருக்காது.

‘அதுவாகப் போகட்டும்’ என்பதை நான் கேலி செய்ய மாட்டேன். சில நாய்கள் அப்படிப் போகவும் செய்கின்றன. ஆனால் சிறுநீரகம் செயலிழந்த நாய் ‘அதுவாக’ எப்படிப் போகும் என்பதை மாமியார் தெரிந்துகொள்ள வேண்டும். வாயில் புண், மூச்சில் அம்மோனியா நாற்றம், தொடர்ந்த குமட்டல், தசை துடிப்பு, அப்புறம் வலிப்பு. கோமா வந்த பிறகு அதற்கு எதுவும் தெரியாது, அதற்கு முந்தைய நாட்கள்தான் பிரச்சினை. வலிப்பு ராத்திரி 2 மணிக்கு வரும்போது எந்த கிளினிக்கும் திறந்திருக்காது. அதனால் எல்லைக்கோட்டை முன்கூட்டியே மூவரும் பேசி வைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால்: மருந்து கொடுத்தும் இரண்டு நாள் வாந்தி நிற்கவில்லை, அல்லது சிறுநீர் நின்றுவிட்டது, அல்லது முதல் வலிப்பு. மூன்றில் ஒன்று வந்தால் மறுநாள் காலை ஊசிக்கு டாக்டரைக் கூப்பிடுவது. 72 மணி நேர ட்ரிப்ஸுக்குப் பிறகும் எண் இறங்காமல் அவன் தலையைத் தூக்கவில்லை என்றால் அந்த எல்லை ஏற்கெனவே வந்துவிட்டது.

மீள முடியாமல் துன்பப்படும் விலங்குக்குக் கால்நடை மருத்துவர் ஊசி போட்டு உயிரை முடித்து வைக்க நம் சட்டத்தில் தடையில்லை. எழுத்துமூலம் உங்கள் சம்மதம் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று: ‘முதலில் முழுசாக மயக்கம் கொடுப்பீர்களா?’ சரியான முறை என்பது மயக்க ஊசி, அவன் ஆழ்ந்து தூங்கிய பிறகு நரம்பில் பென்டோபார்பிட்டால் அல்லது தயோபென்டால் அளவுக்கு மிஞ்சி. சில நிமிடங்களில் இதயம் நிற்கும். மயக்கம் கொடுக்காமல் மெக்னீசியம் சல்ஃபேட்டோ பொட்டாசியம் குளோரைடோ போடுகிறேன் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள். வீட்டுக்கே வருவாரா என்றும் கேளுங்கள். பழகிய திண்ணையில் படுத்திருப்பது, மருத்துவமனை மேசையில் வழுக்கி நிற்பதைவிட அவனுக்கு எவ்வளவோ மேல்.

கண் மூடாது. இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் வெளியேறலாம். உயிர் இருக்கிறது என்று பதறுவார்கள். அது உடம்பின் எதிர்வினை, அவனுக்குத் தெரிந்து நடப்பதல்ல. பக்கத்தில் நிற்கப்போகிற எல்லோருக்கும் இதை முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

மகளிடம் ‘தூங்க வைத்துவிட்டோம்’ என்றோ ‘ஊருக்குப் போய்விட்டான்’ என்றோ சொல்லாதீர்கள். முதலாவதைக் கேட்ட குழந்தை ராத்திரி தூங்கப் பயப்படும், இரண்டாவதைக் கேட்டது வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் வேலை செய்யவில்லை, சரிசெய்ய முடியாது, வலியில்லாமல் சாக டாக்டர் உதவுவார். எட்டு வயதுக்கு இது புரியும். ஊசியின்போது இருப்பதா வேண்டாமா என்று அவளிடமே கேட்கலாம்.

புதைப்பதென்றால் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தள்ளி, நான்கடிக்குக் குறையாத குழி. ஊசி போட்ட உடம்பில் மருந்து தங்கியிருக்கும். தெருநாயோ நரியோ தோண்டித் தின்றால் அதுவும் விழும். மேலே கனமான கல் வையுங்கள். சொந்த இடம் இல்லாதவர்கள் மாநகராட்சியில் கேட்க வேண்டும்.

இன்னொரு நாயைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். புதைக்கும் முன் அது சீசரை முகர்ந்து பார்க்கட்டும், எலிக் காய்ச்சல் என்று தெரிந்திருந்தால் மட்டும் வேண்டாம். சில நாள் சாப்பாடு குறையும், அவன் படுத்த இடத்தில் போய்ப் படுக்கும். இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் துக்கம் என்று விட்டுவிடாதீர்கள். அதே முற்றம், அதே எலி, அதே உண்ணி. ரத்தம் எடுத்துப் பாருங்கள். எலிக் காய்ச்சல் தடுப்பூசி ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டியது. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று அதன் அட்டையை எடுத்துப் பார்த்து, நாள் கடந்திருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.