காகத்தையும் எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

பெருங்குடியில் ஓர் அடுக்ககத்தின் நான்காம் மாடியில் வசிக்கிறேன். ஐ.டி. வேலை. பறவைகள் மீது ஆர்வம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை பள்ளிக்கரணை, சீசனில் வேடந்தாங்கல் என்று போய்வருகிறேன். மற்ற நாட்களில் நேரமே கிடைப்பதில்லை. ஆய்வகத்துக்கும் போய்க்கொண்டு, இந்த நகரத்துக்குள்ளேயே நீங்கள் எப்படிப் பறவைகளோடு இருக்கிறீர்கள்? உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும் என்று எழுதுங்களேன்.

இன்னொன்று. செல்போன் கோபுரங்களால் சிட்டுக்குருவி இனமே அழிந்துவிட்டது என்கிறார்கள். என்னால் ஆனது என்று ஒரு மரக்கூண்டு வாங்கிப் பால்கனியில் மாட்டினேன். பச்சை வண்ணம் பூசி, முன்னால் உட்காரக் குச்சியும் வைத்தது. தினமும் அரைக் கிலோ அரிசி போடுகிறேன். எட்டு மாதமாகிறது, ஒரு குருவிகூட வரவில்லை. என் பால்கனியில் காகமும் புறாவும் தவிர வேறு எதுவும் கிடையாது. எங்கே தவறு செய்கிறேன்? நல்ல பைனாகுலர் ஒன்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ர.

அன்புள்ள தம்பி,

ஒரு குருவிக்காக எட்டு மாதம் காத்திருப்பவர்கள் அதிகம் கிடையாது. அந்த மனசு உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் உரிமையோடு திட்டப்போகிறேன். பொங்கல் நாட்களின் பறவைக் கணக்கெடுப்பு நெருங்கும்போதெல்லாம் என் மனதை அரிக்கிற ஒரு வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ‘காகமும் புறாவும் தவிர வேறு எதுவும் கிடையாது.’ இந்தப் பதிலே அந்த வரிக்குத்தான்.

என் நாள் எப்படிப் போகிறது என்பதை விடுங்கள். அதில் உங்களுக்குப் பயன்படுவது காலையில் ஒரு பதினைந்து நிமிடம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பைனாகுலர் 8×42 வாங்குங்கள், அதாவது எட்டு மடங்குப் பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன் லென்ஸ். பத்து மடங்குப் பெருக்கம் கையில் நடுங்கும், பார்வைப் பரப்பும் குறுகும். கிளைக்குக் கிளை தாவும் சிறு பறவையைப் பிடிக்கப் பரப்புதான் முக்கியம். சென்னை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை படியும். உறையில் போட்டு அலமாரியில் பூட்டாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அவ்வளவுதான்.

செல்போன் கோபுரக் கதையை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். லண்டன் கென்சிங்டன் கார்டன்ஸ் பூங்காவில் 1925-இல் மேக்ஸ் நிக்கல்சன் என்ற இளைஞர் சிட்டுக்குருவிகளை எண்ணினார்: 2,603. அதே பூங்காவில் 1948-இல் 885. 1975-இல் 544. 1995-இல் 46. 2000-இல் எட்டு. பிரிட்டனில் செல்போன் சேவை தொடங்கியது 1985-இல். அதற்குப் பத்து வருடம் முன்பே ஐந்தில் நான்கு பங்கு குருவிகள் போய்விட்டன. முதல் சரிவுக்குக் குதிரை வண்டிகள் மறைந்து, தெருவில் ஓட்ஸ் சிந்துவது நின்றதைக் காரணமாகச் சொல்கிறார்கள். பின்னால் வந்த சரிவுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒற்றைக் காரணம் கிடையாது. ‘இனமே அழிந்துவிட்டது’ என்பதும் தவறு. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 2020-இல் சொன்னது. உங்கள் தெருவில் இல்லாதது உண்மையான துக்கம். அதை உலகத்தின் மேல் ஏற்றாதீர்கள்.

அரிசியை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் குருவிக்குப் போடவில்லை, புறா வளர்க்கிறீர்கள். புறா தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் கொடுப்பது அதன் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற கூழ். தாயும் தந்தையும் இரண்டுமே அதைச் சுரக்கும். தானியம் தின்றே அதைச் சுரந்துவிட முடியும் என்பதால் பூச்சி ஒன்றுகூட இல்லாத ஊரிலும் புறா குஞ்சு பொரித்து வளர்த்துவிடும், வருடத்தில் பல முறை. சிட்டுக்குருவிக் குஞ்சு அப்படி வளராது. கூட்டில் இருக்கும் இரண்டு வாரத்தில், அதிலும் முதல் சில நாட்களில், அதற்குப் புழுவும் அசுவினிப் பூச்சியும் சிலந்தியும் வேண்டும். பெரிய குருவி அரிசி தின்று உயிர் வாழும், ஆனால் குஞ்சு தேறாது. உங்கள் அடுக்ககத்தில் செடிகளுக்கு மாதாமாதம் மருந்து அடிக்கிறார்களா என்று விசாரியுங்கள். அதை நிறுத்த வைத்தால் நூறு கிலோ அரிசியைவிடப் பெரிய உதவி. புறா எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஊறவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வழியுங்கள். அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

கூண்டைப் பற்றிச் சுருக்கமாக. ஓட்டை 32 மில்லிமீட்டர், ஆசாரி கணக்கில் ஒன்றேகால் அங்குலம். அதற்கு மேல் போனால் மைனா பிடித்துக்கொள்ளும். அடிப்பலகை பதினைந்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர், ஓட்டை அடியிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில். பலகை அரை அங்குலத் தடிமன் இருந்தால்தான் வெயில் உள்ளே இறங்காது. உள்ளே வண்ணம் கூடாது. ஓட்டைக்குக் கீழே உட்புறத்தில் ஆணியால் கீறி விடுங்கள், குஞ்சு பிடித்து ஏறக் கால்பிடி வேண்டும். அடியில் மழைநீர் வடிய நான்கு சிறு துளை. அந்தக் குச்சியைப் பிடுங்கி எறியுங்கள். குருவிக்கு அது தேவையில்லை, ஓட்டையின் விளிம்பே போதும். அந்தக் குச்சியில் உட்கார்ந்துதான் காகம் உள்ளே எட்டிப் பார்க்கும். மேற்கு வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். குருவி கூட்டமாகக் கூடு கட்டும் பறவை, ஒன்றுக்கு மூன்றாக மாட்டினால் நல்லது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் உங்கள் கூண்டு காலியாகவே இருக்கலாம். சிட்டுக்குருவி பிறந்த இடத்தை விட்டு அதிகத் தூரம் போகாது. ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் அதன் வாழ்க்கை முடிந்துவிடும். பக்கத்தில் ஒரு கூட்டம் இருந்தால்தான் அதிலிருந்து ஒரு ஜோடி உங்களிடம் வரும். இருக்கிறதா என்று போய்ப் பார்த்தீர்களா? மளிகைக் கடை ஷட்டருக்கு மேலே உள்ள பெட்டி, மின் மீட்டர் பெட்டிகளின் இடுக்கு, பேருந்து நிலையக் கூரை, காய்கறி மார்க்கெட் ஆகியவற்றில் தேடினீர்களா? கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. கூண்டு வாங்கும் முன்னால் எண்ணியிருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது இந்த எண்ணிக்கைதான்.

பறவை பார்ப்பது என்றால் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர் வண்டி ஓட்டி வேடந்தாங்கலுக்குப் போவது என்று உங்கள் தலைமுறைக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். போங்கள், கூழைக்கடாவையும் நத்தைகுத்தி நாரையையும் பார்த்து மகிழுங்கள். ஆனால் நீங்கள் வசிக்கும் நகரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பால்கனியில் தினமும் பதினைந்து நிமிடம், ஒரே இடம், ஒரு தாள், ஒரு பென்சில். கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு படம் எடுக்கும் நேரத்தில் நான்கு பறவை கடந்துவிடும்.

நேரத்தைக் கடிகாரத்தில் குறிக்காமல் சூரிய உதயத்தில் குறியுங்கள். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். சென்னையில் ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5.42 வாக்கில் உதிக்கிறது, ஜனவரி கடைசியில் 6.35 வாக்கில். வருடம் முழுக்க ஆறு மணிக்கு எண்ணினால் ஜனவரியில் இருட்டையும் ஜூனில் வெயிலையும் ஒப்பிடுவீர்கள். உறங்கும் மரத்திலிருந்து காகங்கள் கிளம்புவது விடியலை வைத்து. உதயத்துக்குப் பதினைந்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள், எல்லா நாளும் அப்படியே.

தாள் இப்படி இருக்கும், மாதிரிக்கு எழுதுகிறேன்:

ஜனவரி 15. 6.50 முதல் 7.05 வரை. நான்காம் மாடி, கிழக்குப் பால்கனி. லேசான பனி, காற்றில்லை. காகம் 31. அண்டங்காக்கை 2. மாடப்புறா 18. மைனா 4. பச்சைக்கிளி 11. கரிச்சான் 1. தேன்சிட்டு 2. தையல்சிட்டு 1, குரல் மட்டும். பனை உழவாரன் 6. கரும்பருந்து 1. மடையான் 3. தெரியாத சிறு பறவை 1.

பன்னிரண்டு வரி. உங்கள் பால்கனியிலும் இதைவிடப் பெரிதாகக் குறையாது. நீங்கள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை, அதனால்தான் காகமும் புறாவும் மட்டும் தெரிகின்றன.

‘நிறைய’, ‘சில’ என்று எழுதினால் அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம். எண் வேண்டும். கிளிக்கூட்டம் பறந்து போனால் முதலில் பத்தை எண்ணுங்கள், அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் பிடியுங்கள், அதே அளவால் மீதியை அளந்துவிடுங்கள். உழவாரன் வட்டமடித்துக்கொண்டே இருக்கும், ஒன்றையே ஆறு முறை எண்ணுவீர்கள். ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்சம் எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். தையல்சிட்டின் குரல் அதன் உடம்புக்குப் பத்து மடங்கு பெரிது, மூன்று மூலையிலிருந்து கேட்டாலும் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டும் சேர்ந்து கத்தினாலொழிய 2 போடக் கூடாது. தெரியாத பறவையைத் தெரியாதது என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயர் தாளில் பதிந்துவிட்டால் பிறகு அதை யாரும் பிரித்தெடுக்க முடியாது. விட்டுப்போன நாளை நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். வெற்றாக விடுவது கௌரவக் குறைச்சல் கிடையாது.

டிசம்பரில் உங்கள் தாளில் குயில் குறையும். குயில் ஊரை விட்டுப் போய்விட்டது என்று கட்டுரை எழுதிவிடாதீர்கள். மார்ச்சில் கூவத் தொடங்கும்வரை அது மரத்துக்குள் சத்தமில்லாமல் இருக்கும். எண்ணிக்கை என்பது பறவையையும், பறவை நமக்குப் புலப்படும் விதத்தையும் சேர்த்தே அளக்கிறது. அதனால்தான் ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட வேண்டும். வருடக்கணக்கில் எழுத வேண்டியிருப்பதும் அதனால்தான்.

கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எழுதினால்தான் எழுதாமல் விட்டதற்கு அர்த்தம் வரும். நீங்கள் பருந்தையும் மீன்கொத்தியையும் மட்டும் குறித்து வைத்தால், தாளில் காகம் இல்லாதது காகம் இல்லாததாலா, உங்களுக்கு அலட்சியமாகப் பட்டதாலா என்று யாருக்குத் தெரியும்? முழுத் தாள் என்றால், நூறு தாளில் எத்தனையில் சிட்டுக்குருவி இருக்கிறது என்று பார்க்கலாம். பத்து வருடம் கழித்து இன்னொரு நூறு தாளை எடுத்து அதே கேள்வியைக் கேட்கலாம். 2023-இல் வந்த பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசியது. அதன் பின்னால் 30,000 பேருக்கு மேல் இட்ட சுமார் மூன்று கோடிப் பதிவுகள் இருந்தன. அவை உங்களைப் போன்ற பறவை ஆர்வலர்கள் எழுதியவை.

காகத்தை எண்ணுவதால் என்ன வந்துவிடப்போகிறது என்பீர்கள். பிணந்தின்னிக் கழுகை நினைத்துப் பாருங்கள். 1980-களில் வட இந்தியாவில் அது காகம் மாதிரித்தான், எங்கும் இருந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற பறவை ஆய்வாளர் அந்தப் பத்தாண்டிலேயே அவற்றையும் கூடுகளையும் எண்ணி வைத்திருந்தார். பத்து வருடம் கழித்து மீண்டும் எண்ணியபோது சரிவு தெரிந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகைக் கொன்றதுதான் காரணம் என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள், 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். 1992-க்கும் 2007-க்கும் நடுவே வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் செத்துவிட்டன. முதல் எண்ணிக்கை தாளில் இல்லாதிருந்தால், ‘முன்பு நிறைய இருந்தது’ என்ற புலம்பல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

சிட்டுக்குருவி விஷயத்தில் நம்மிடம் மிஞ்சியிருப்பது அந்தப் புலம்பல்தான். உங்கள் அப்பா காலத்தில் பெருங்குடியில் எத்தனை குருவி இருந்தது? யாரைக் கேட்டாலும் கையை அகல விரித்துக் காட்டுவார்கள். லண்டனுக்கு 2,603 என்று ஓர் எண் இருக்கிறது. நமக்கு விரித்த கை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்துப்போட்டது. எந்தத் தெருவில் எந்தப் பறவை அதற்குப் பிறகு குறைந்தது, எது ஒரே வருடத்தில் திரும்பி வந்தது? புயலுக்கு முந்தைய மாதத்துத் தாள் ஒன்று உங்கள் பால்கனியில் இருந்திருந்தால் உங்கள் தெருவுக்காவது பதில் கிடைத்திருக்கும். அடுத்த புயல் வரும், மழைநீர்க் கால்வாய்க்காக உங்கள் வாசல் புங்க மரத்தையும் வெட்ட வருவார்கள். அன்றைக்கு மாநகராட்சியில் போய் நிற்கும்போது ‘இங்கே நிறையப் பறவை வரும் சார்’ என்று சொல்லாதீர்கள். முந்நூறு தாளை மேசையில் வையுங்கள்.

கூண்டைக் கழற்ற வேண்டாம், குச்சியை மட்டும் பிடுங்கிவிட்டு விடுங்கள். நாளைக் காலையே தொடங்குங்கள். மாதக் கடைசியில் எத்தனை தாள் சேர்ந்திருக்கிறதோ அத்தனையையும் எனக்கு அனுப்புங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். சிட்டுக்குருவிக்கு நேரே 0 என்று எழுதியிருங்கள், தினமும். காகத்தின் எண் இல்லாத தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.